மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் வைரஸ்: இன்னொரு மருந்தா, டி செல்களா?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். கொடையாளரின் மஜ்ஜை பிடித்துவிட்டது. வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பம் கேட்க ஆரம்பித்திருக்கும். அந்த வாரத்து ரத்தப் பரிசோதனையில் சைட்டோமெகலோ வைரஸ் தலைகாட்டும். உடனே மருந்து தொடங்குவார்கள். இரண்டு வாரம் கழித்தும் வைரஸின் அளவு இறங்கவில்லை என்றாலோ, மருந்தே வெள்ளணுக்களைச் சரித்துவிட்டது என்றாலோ, எஞ்சியிருப்பவை சில வழிகள்தான். வேறு மருந்துக்கு மாறலாம். கொடையாளரின் ரத்தத்திலிருந்து அந்த வைரஸை ஏற்கனவே அறிந்த டி செல்களை, அதாவது வைரஸ் தொற்றிய செல்களைத் தேடித் தாக்கும் வெள்ளணுக்களை, பிரித்தெடுத்தோ வளர்த்தோ கொடுக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரின் டி செல்களை உறைநிலை வங்கியிலிருந்து வரவழைக்கலாம்.

இணையத்தில் தேடிவிட்டு வரும் குடும்பத்தினர் பலர் நேராகக் கடைசி வழியைச் சுட்டிக்காட்டி, “இதையே முதலில் கொடுத்திருக்கலாமே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மருந்தா செல்லா என்று மொத்தமாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. எந்த வைரஸ், கொடையாளர் யார், நோயாளி எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் ஒப்பீடே தொடங்குகிறது. அவற்றில் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது பல நேரங்களில் அதுதான்.

முதலில் இந்தச் செல் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அந்த வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது.

மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் நோயாளியின் பழைய எதிர்ப்பாற்றலைத் துடைத்துவிடுகின்றன. சிறுவயதில் தொற்றி, உடலுக்குள் ஓசையில்லாமல் ஒதுங்கிக் கிடந்த வைரஸ்கள் அந்த இடைவெளியில் எழுந்துகொள்கின்றன. புதிய மஜ்ஜையிலிருந்து டி செல்கள் உருவாகித் தேர்ச்சி பெறப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கலாம். எதிர்ப்பாற்றலை அவற்றால் தர முடியாது. அப்படியானால் கொடையாளரிடம் ஏற்கனவே இருக்கும் எதிர்ப்பாற்றலை அப்படியே கொண்டுவந்து சேர்த்தால் என்ன என்று சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் ஸ்டான்லி ரிடெலும் ஃபிலிப் கிரீன்பர்க்கும் யோசித்தார்கள். கொடையாளரின் ரத்தத்திலிருந்து சைட்டோமெகலோ வைரஸைத் தாக்கும் டி செல்களைத் தனித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மூன்று நோயாளிகளுக்குச் செலுத்திய முடிவுகளை 1992-ல் வெளியிட்டார்கள். 1995-ல் அதே குழு 14 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. ஒருவருக்கும் அந்த வைரஸால் நோய் வரவில்லை. ஆனால் கொல்லி செல்களைத் தாங்கிப் பிடிக்கும் உதவி டி செல்கள் உடலில் மீளாதவர்களிடம், செலுத்திய கொல்லி செல்கள் நாளடைவில் குறைந்துபோயின. ஒரே வகை செல்லை மட்டும் கொடுத்தால் போதாது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

இதற்கிடையே நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இன்னும் எளிய வழியொன்றை முயன்றார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸால் நிணநீர்க் கட்டி வந்த ஐந்து பேருக்கு, எதையும் பிரிக்காமல் கொடையாளரின் வெள்ளணுக்களையே கொடுத்தார்கள். 1994-ல் வெளியான அந்த முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது: ஐந்து பேரிடமும் கட்டி கரைந்தது. ஆனால் இருவர் மூச்சு செயலிழந்து இறந்தார்கள். பிரிக்காத வெள்ளணுக்களில் வைரஸை அறிந்த செல்கள் சிறு பகுதிதான். நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடியவையும் அதே பையில் வந்து சேர்கின்றன. ஜிவிஎச்டி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் அந்தச் சிக்கல், வைரஸைவிட மோசமாக முடியலாம்.

வேண்டியதை மட்டும் வளர்த்துக் கொடுப்பது என்ற வேலையைப் பொறுமையாக முன்னெடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் ஹெலன் ஹெஸ்லாப். நியூசிலாந்தில் மருத்துவம் படித்தவர். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் கிளியோனா ரூனி, மால்கம் பிரென்னர் ஆகியோருடன் சேர்ந்து, எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான டி செல்களைக் கொடையாளரின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்தார். 1995-ல் அந்த முதல் முடிவுகள் வெளிவந்தன. பின்னர் இக்குழு ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது. அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. செலுத்திய செல்கள் உடலுக்குள் என்ன ஆகின்றன என்று அறிய, அவற்றில் ஒரு பகுதிக்கு மரபணு அடையாளம் ஒன்றைப் பொறித்து அனுப்பினார்கள். 2010-ல் 114 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்தபோது, அந்த அடையாளம் கொண்ட செல்கள் ஒன்பது ஆண்டுகள் வரை சிலரின் ரத்தத்தில் இருந்தது தெரியவந்தது. முன்தடுப்பாகச் செல்களைப் பெற்ற 101 பேரில் ஒருவருக்கும் நிணநீர்க் கட்டி வரவில்லை. ஏற்கனவே கட்டி வந்திருந்த 13 பேரில் 11 பேருக்கு அது முழுமையாக மறைந்து, மறைந்தபடியே நீடித்தது.

எந்த மாத்திரையும் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்யாது. செல் சிகிச்சைமீது இவ்வளவு ஈர்ப்பு வந்ததற்கு இந்த முடிவே போதும். அதே முடிவை எதிர்ப்பக்கமிருந்தும் படிக்க வேண்டும். அந்தச் செல்களை வளர்த்தெடுக்க ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. மாற்று சிகிச்சைக்கு முன்பே தொடங்கினால்தான் உண்டு. ரத்தத்தில் வைரஸ் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருப்பவருக்கு மூன்று மாதம் என்பது எட்டாத காலம்.

அந்தக் காலத்தைச் சுருக்குவதில்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் உழைப்பு போயிற்று. இன்று குடும்பத்தின் முன் வைக்கப்படும் வழிகள் அதிலிருந்து பிறந்தவை.

மருந்துகளில் தொடங்குவோம். சைட்டோமெகலோ வைரஸுக்கு முதலில் கொடுக்கப்படுவது கான்சிக்ளோவிர் அல்லது அதன் மாத்திரை வடிவமான வால்கான்சிக்ளோவிர். நன்றாக வேலை செய்யும். ஆனால் இப்போதுதான் முளைத்துவரும் மஜ்ஜையை நசுக்கும். அது பலிக்காதபோது வருவது ஃபாஸ்கார்னெட். இதைப் பெற்றவர்கள் அனுபவத்தை எளிதில் மறப்பதில்லை. ஒவ்வொரு தவணையும் ஓரிரு மணி நேரம் நரம்பு வழியாக ஏற வேண்டும். சிறுநீரகத்தைக் காக்க அதோடு சலைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் சரிந்து உதடுகளைச் சுற்றிக் குறுகுறுக்கும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். மருந்து சிறுநீரில் வெளியேறும்போது பிறப்புறுப்பில் புண்ணை உண்டாக்கும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிச் செவிலியர் நினைவூட்டிக்கொண்டே இருப்பார். வாரக்கணக்கில் இது நடக்க வேண்டும்.

2017-க்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர், சைட்டோமெகலோ வைரஸ் வருமுன் தடுக்கும் மாத்திரை. மஜ்ஜையைத் தொடுவதில்லை. அதன் மூன்றாம் கட்ட ஆய்வில், 24 வாரங்களுக்குள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தொற்று வந்தவர்களோ தொடர்ந்து கண்காணிக்க முடியாமல் போனவர்களோ மருந்து பெற்றோரில் 37.5 சதவீதம், போலி மாத்திரை பெற்றோரில் 60.6 சதவீதம். 2021-ல் மாரிபாவிர் வந்தது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத தொற்றில், எட்டாவது வாரத்தில் ரத்தத்திலிருந்து வைரஸ் மறைந்தவர்கள் இதில் 55.7 சதவீதம், பழைய மருந்துகளில் 23.9 சதவீதம். வாயில் கசப்பு தட்டும் என்பது பொதுவான குறை. கண்ணின் விழித்திரைக்கோ மூளைக்கோ வைரஸ் போய்விட்டால் இது உதவாது. கான்சிக்ளோவிருடன் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும்.

ஆகவே சைட்டோமெகலோ வைரஸைப் பொறுத்தவரை, 1992-ல் ரிடெல் எதிர்கொண்ட உலகம் இப்போது இல்லை. மருந்துகளை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்க்காமல் செல்களைத் தேடி ஓடுவதற்கு இன்று காரணம் குறைவு. ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. லெட்டர்மோவிர் வைரஸை அவ்வளவு திறமையாக அடக்குவதால், புதிய டி செல்கள் அந்த வைரஸைச் சந்தித்துப் பழகும் வாய்ப்பே தள்ளிப்போகிறது. நூறாவது நாளில் மாத்திரையை நிறுத்தியதும் சிலருக்குத் தொற்று தாமதமாகத் தலைதூக்குவது இதனால்தான். அதிக அபாயம் உள்ளவர்களுக்கு இருநூறு நாள் வரை நீட்டிக்க 2023-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. தள்ளிப்போடுவதற்கும் தீர்ப்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. ஆனால் தள்ளிப்போட்ட காலத்தில் நோயாளியின் ஸ்டீராய்டு குறைந்து, எதிர்ப்பாற்றல் தானாகவே எழுந்துவிட்டால் தள்ளிப்போட்டதே தீர்வாகிவிடும். பலருக்கு அப்படித்தான் முடிகிறது.

மற்ற வைரஸ்களில் மருந்துகளின் கை இவ்வளவு ஓங்கியதில்லை. குழந்தைகளை அதிகம் தாக்கும் அடினோவைரஸுக்கு இதற்கென்றே அனுமதி பெற்ற மருந்து கிடையாது. சிடோஃபோவிர் கொடுக்கிறார்கள், சிறுநீரகத்தைக் காக்கப் புரோபெனெசிட் மாத்திரையும் நிறையச் சலைனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும் பிகே வைரஸுக்கும் நம்பகமான மருந்து இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் கட்டியாக உருவெடுக்கும்போது ஏசிக்ளோவிர் வகை மருந்துகளுக்கு அங்கே வேலையே இல்லை. அவை பெருகும் வைரஸைத்தான் தடுக்கும். கட்டியின் செல்களுக்குள் வைரஸ் பெருகாமல் ஒளிந்தே இருக்கிறது. அங்கே முதலில் கொடுக்கப்படுவது ரிட்டுக்சிமாப். வைரஸைத் தொடாமல், அது குடியிருக்கும் பி செல்களையே அழிக்கும் எதிர்ப்புப் புரதம் அது. கணிசமானோர் இதிலேயே குணமாகிறார்கள். குணமாகாதவர்களுக்கு நேரம் மிகக் குறைவு.

இந்த இடத்தில்தான் டி செல்கள் தேவையாகின்றன. அவற்றிலும் மூன்று கிளைகள் உண்டு.

முதலாவது, கொடையாளரின் செல்களை வளர்த்தல். பேய்லர் குழு இரண்டு மூன்று மாத வேலையைப் பத்து நாட்கள் அளவுக்குக் குறைத்துவிட்டது. உயிருள்ள வைரஸுக்குப் பதிலாக வைரஸ் புரதங்களின் சிறு துண்டுகளைக் காட்டி டி செல்களைத் தூண்டினார்கள். வளர்ப்புக் குடுவையின் அடித்தளத்தையே ஆக்சிஜன் ஊடுருவும் சவ்வாக மாற்றினார்கள். சாதாரணக் குடுவையில் காற்று மேலிருந்து இறங்க வேண்டும் என்பதால் ஊட்டத் திரவத்தை மெல்லியதாகத்தான் ஊற்ற முடியும்; அடிக்கடி மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். புதிய குடுவையில் செல்கள் அடியிலிருந்தே மூச்சு விடுவதால் மேலே ஆழமாகத் திரவத்தை நிறைத்துவிட்டுப் பல நாட்கள் கை வைக்காமல் விடலாம். கேட்பதற்குச் சின்ன மாற்றம். வேலை செய்பவர்களுக்கு மலையளவு வேறுபாடு. ஆன் லீன் முன்னெடுத்த ஆய்வுகளில் ஒரே குடுவையில் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்களுக்கு எதிரான செல்கள் வளர்ந்தன: 2006-ல் மூன்று வைரஸ்கள், 2014-ல் ஐந்து.

இரண்டாவது, வளர்க்காமலே பிடித்தெடுத்தல். கொடையாளரின் வெள்ளணுக்களுக்கு வைரஸ் துண்டுகளைக் காட்டினால், அதை அறிந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். சுரக்கும் செல்களின் மேல் காந்தத் துகளை ஒட்டி, காந்தத்தால் இழுத்துப் பிரிக்கலாம். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அடினோவைரஸ் தாக்கிய குழந்தைகளுக்கு இம்முறையில் பிரித்த செல்களைக் கொடுத்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அதற்கு முந்தைய ஆண்டு, வைரஸ் துண்டைத் தாங்கிய செயற்கைக் கொக்கிகளால் சைட்டோமெகலோ செல்களைப் பிடித்து ஒன்பது பேருக்குக் கொடுத்திருந்தார்கள். இன்று இந்தப் பிரித்தெடுப்பை மூடிய தானியங்கிக் கருவி ஏறத்தாழ ஒரு நாளில் முடித்துவிடுகிறது. கிடைக்கும் செல்கள் மிகக் குறைவு. உடலுக்குள் வைரஸைச் சந்தித்த பிறகு அவை பெருகிக்கொள்ளும் என்பதே நம்பிக்கை. பெரும்பாலும் பெருகவும் செய்கின்றன.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: கொடையாளர் அந்த வைரஸை முன்பே சந்தித்திருக்க வேண்டும். சந்திக்காதவரிடம் நினைவுச் செல்கள் இருக்காது, பிடிப்பதற்கு எதுவுமில்லை. அவர் மறுபடியும் ரத்தம் கொடுக்கக்கூடிய இடத்திலும் இருக்க வேண்டும். வேறொரு கண்டத்துப் பதிவேட்டிலிருந்து வந்த கொடையாளர் என்றால் அது எளிதில் நடக்காது. தொப்புள்கொடி ரத்தம் என்றால் திரும்பிப் போகவே ஆளில்லை.

அதற்காக எழுந்ததுதான் மூன்றாவது கிளை: வங்கி. ஆரோக்கியமான சிலரிடமிருந்து செல்களை முன்கூட்டியே வளர்த்து உறையவைத்து, தேவைப்படும் நோயாளிக்கு ஓரளவு பொருந்துவதை எடுத்துக் கொடுப்பது. எடின்பரோவில் டோரதி கிராஃபோர்டின் குழு இப்படியொரு வங்கியைக் கட்டி, எப்ஸ்டீன்-பார் கட்டி வந்த 33 பேருக்கு வழங்கியது. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் ஆறு மாத முடிவில் 52 சதவீதத்தினருக்குப் பலன் இருந்தது. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து 50 பேருக்கு வங்கிச் செல்களைக் கொடுத்த ஆய்வில் 2013-ல் 74 சதவீதப் பலன் சொல்லப்பட்டது. ஐந்து வைரஸ் செல்களைக் கொண்டு 38 பேருக்குச் செய்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் அது 92 சதவீதம்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், இது ஃபாஸ்கார்னெட் வாரங்களுக்கு நேர் எதிர். சிறிய குப்பியோ பையோ உறைந்த நிலையில் வருகிறது. வெதுவெதுப்பான நீரில் உருக்குகிறார்கள். சில மில்லிலிட்டர் திரவம் சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறது. உறையவைக்கச் சேர்த்த வேதிப்பொருளின் வாடை, பூண்டைப் போல, நோயாளியின் மூச்சில் கொஞ்ச நேரம் வரலாம். ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்து, கண்காணித்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு கோடி செல்கள் என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். குப்பிக்குள் கண்ணுக்கு லேசான கலங்கல்தான்.

இனி அந்த 74, 92 என்ற எண்களுக்கு வருவோம். இவை இரண்டும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள். செல் பெற்றவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணினார்களே தவிர, பெறாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதை எண்ண முடியவில்லை. பகுதியளவு பலனும் பலனாகவே கணக்கிடப்பட்டது. இதே ஐந்து வைரஸ் செல்கள் போசொலூசெல் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தின் வழியாக மூன்றாம் கட்ட ஆய்வுகளுக்குப் போயின. தொற்று வருமுன் தடுக்க ஒன்று, பிகே வைரஸ் முதலியவற்றால் வரும் ரத்தக் கசிவுக்கு ஒன்று, அடினோவைரஸுக்கு ஒன்று. 2023 டிசம்பரில் மூன்றும் நிறுத்தப்பட்டன. இடைக்காலக் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழுக்கள், தொடர்ந்தாலும் வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று முடிவு செய்ததே காரணம். செல்களால் தீங்கு நேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை; கொடுக்காததைவிடக் கொடுத்தது மேல் என்று காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

வங்கிச் செல்களைப் பற்றிய விளம்பர நடையிலான செய்திகள் பல இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஏன் தோற்றது என்பதில் என் கணிப்பு இது: பிகே வைரஸால் வரும் ரத்தக் கசிவு பெரும்பாலானோருக்கு எதிர்ப்பாற்றல் எழும்போது தானாகவே நின்றுவிடும்; சிறுநீர்ப்பைக்குக் குழாய் வைத்துக் கழுவுவதும் தட்டணு ஏற்றுவதும் அதுவரை தாங்கிப் பிடிக்கின்றன. தடுப்பு ஆய்வின் காலத்தில் லெட்டர்மோவிரும் பரவலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒப்பீட்டுக் குழுவே நன்றாகத் தேறும்போது செல்லின் கூடுதல் பங்கு கண்ணில் படாமல் போகும். ஆகவே பிகே வைரஸ் ஒன்றுக்காக மட்டும் வெளிநாட்டு வங்கியிலிருந்து செல் வரவழைக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

எப்ஸ்டீன்-பார் கட்டியின் கதை வேறு. ரிட்டுக்சிமாப் தோற்ற பிறகு அந்தக் கட்டி தானாகக் கரைவதில்லை. எனவே ஒப்பீட்டுக் குழு இல்லாமலும் முடிவை நம்ப இடமுண்டு. டாபெலெக்லூசெல் என்ற வங்கிச் செல்லுக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்தது. முன்கூட்டியே வளர்த்து வங்கியில் வைத்த இன்னொருவரின் டி செல்லை மருந்தாக அங்கீகரித்தது உலகில் அதுவே முதல் முறை. அதன் ஆய்வில் முந்தைய சிகிச்சைகள் பலிக்காத 43 பேரில் 22 பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் கொடுத்து, ஏறத்தாழ 28-ஆம் நாளில் மதிப்பிடுகிறார்கள். பலன் இல்லையென்றால் வேறு கொடையாளரின் செல்லுக்கு மாறிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இதற்கு அனுமதி கிடைக்காமல் திரும்பியது. அப்போது சொல்லப்பட்ட காரணம், செல்களைத் தயாரித்த வெளி ஆலையின் ஆய்வில் கண்ட குறைகள். செல்லின் திறன் பற்றியதல்ல. உயிருள்ள செல்லை மருந்தாக விற்க முனைந்தால் இதுவும் ஒரு பகுதிதான்.

வேறு மருந்தே இல்லாத இடங்களிலும் சிறு எண்ணிக்கையை மதிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கேட்டி ரெஸ்வானியின் குழு, மூளையை அரிக்கும் ஜேசி வைரஸ் நோய் வந்த மூவருக்கு, பிகே வைரஸுக்காக வளர்த்த வங்கிச் செல்களைக் கொடுத்தது. இரு வைரஸ்களும் நெருங்கிய உறவு என்பதால் ஒன்றை அறிந்த செல் மற்றதையும் அறியும் என்பது யோசனை. 2018-ல் வெளியான முடிவில், இருவரின் மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து வைரஸ் முற்றிலும் மறைந்தது, மூன்றாமவரிடம் குறைந்தது. மூன்று பேரை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியாது. அந்த நோய்க்கு இதைவிட நல்ல வழி எது என்று கேட்டால் சொல்லவும் ஆளில்லை.

வங்கியில் பொருத்தம் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டி செல் வைரஸ் துண்டைத் தனியாகப் பார்ப்பதில்லை. எச்எல்ஏ என்ற புரதத் தட்டில் வைத்துக் காட்டினால்தான் அடையாளம் காணும். வங்கிச் செல்லும் நோயாளியும் ஓர் எச்எல்ஏவைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. எந்த எச்எல்ஏ வழியாக அந்தச் செல் வைரஸைத் தாக்குகிறதோ, அதையே பகிர வேண்டும். ஐரோப்பியரிடம் மிகப் பரவலான ஏ2 வகையை எடுத்துக்கொண்டால், இந்தியர்களிடம் அதன் வேறு உட்பிரிவுகள் கணிசமாகக் காணப்படுகின்றன. எனவே நம் ஊர் நோயாளிக்கு அயல்நாட்டு வங்கியிலிருந்து செல் கேட்கும்போது, “எத்தனை பொருந்துகிறது” என்பதைவிட “வைரஸைத் தாக்கும் வேலை எதன் வழியாக நடக்கிறது, அது பொருந்துகிறதா” என்று கேட்பது உருப்படியான கேள்வி.

இந்தியச் சூழலில் எனக்குத் தராசு வேறு பக்கம் சாய்கிறது. 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் 1986-ல் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கிய இந்த சிகிச்சை, இங்கே பெரிதும் குடும்பக் கொடையாளர்களை நம்பியே வளர்ந்தது. அண்ணனோ தங்கையோ, பாதிப் பொருத்தம் போதுமென்றால் தாயோ தந்தையோ. அழைத்தால் மறுநாள் வந்து நிற்பவர்கள். நம் நாட்டில் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலானவர்கள் சைட்டோமெகலோ வைரஸை எப்போதோ சந்தித்தவர்கள். மேலைநாடுகளில் கொடையாளர் அந்த வைரஸைச் சந்திக்காதவராக இருப்பது பெரிய தலைவலி; இங்கே அந்தத் தலைவலி அபூர்வம். ஆகவே வங்கியைவிட, அதே கொடையாளரிடமிருந்து ஒரு நாளில் பிடித்தெடுக்கும் முறைதான் இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. கருவியும் அதற்கான வேதிப்பொருள்களும் விலையுயர்ந்தவை. எல்லா மையத்திலும் இல்லை. அதற்குக் கீழ்ப்படியாக இன்னொரு வழியும் உண்டு. கொடையாளரின் வெள்ளணுக்களிலிருந்து, ஜிவிஎச்டியை அதிகம் தூண்டும் அனுபவமில்லாத டி செல்களை மட்டும் நீக்கிவிட்டு, நினைவுச் செல்களைச் சிறிய அளவுகளில் கொடுப்பது. எந்த ஒரு வைரஸையும் குறிவைக்காது. ஆனால் 1994-ன் பிரிக்காத பையைவிட அபாயம் குறைவு.

இனி ஸ்டீராய்டு. மேலே சொன்ன எந்தக் கிளையானாலும், செலுத்தப்படுவது உயிருள்ள டி செல். ஜிவிஎச்டிக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் டி செல்லைக் கொல்லவும் அடக்கவும்தான் கொடுக்கப்படுகிறது. அது நம் பையில் வந்த செல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தேடிப் போகாது. அதனால்தான் இந்த ஆய்வுகள் பலவற்றில், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்களைச் சேர்ப்பதில்லை. டி செல்லை அழிக்க மாற்று சிகிச்சையின்போது கொடுத்த ஏடிஜி என்ற மருந்து ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். அதற்குள் செல்களைச் செலுத்தினால் அவையும் அழியும். கொடுமை என்னவென்றால், வைரஸ் அடங்காமல் திரும்பத் திரும்ப வருபவர்களில் பலர் அதிக ஸ்டீராய்டில் இருப்பவர்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் செல் நிலைப்பதில்லை. ஸ்டீராய்டைத் தாங்கும்படி மரபணுவைத் திருத்திய செல்களை ஆய்வகங்களில் உருவாக்கியிருக்கிறார்கள். வார்டுக்கு அவை இன்னும் பொதுவழக்காக வரவில்லை.

அதனால், மருந்து பலிக்கவில்லை, செல் கொடுக்கலாம் என்று பேச்சு வரும்போது மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது செல்லைப் பற்றியே அல்ல. ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்பதைக் கேளுங்கள். குறைக்க முடியும் என்றால் சிலருக்கு அதுவே வைரஸை அடக்கிவிடும். குறைத்தும் வைரஸ் அடங்காதபோது செல்லைச் செலுத்தினால் அதற்குப் பிழைக்க இடம் இருக்கும். குறைக்கவே முடியாது என்றால், சைட்டோமெகலோ வைரஸில் மாரிபாவிரோ ஃபாஸ்கார்னெட்டோ செல்லைவிட நம்பகமான வழி. கசப்பான யோசனைதான், ஆனாலும் என் தேர்வு அதுவாகவே இருக்கும்.

அடினோவைரஸ் தாக்கிய குழந்தைக்கு நான் சொல்வது இதிலிருந்து மாறுபடும். மூன்றாம் கட்ட ஆய்வு அங்கும் கைகொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சிடோஃபோவிர் கொடுத்தும் ரத்தத்தில் வைரஸ் ஏறுகிறது, சிறுநீரகமும் தளர்கிறது, தாயோ தந்தையோ கொடையாளராகப் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால், பிடித்தெடுத்த செல்களுக்கான ஏற்பாட்டைக் காத்திருக்காமல் தொடங்கிவிட வேண்டும். நுரையீரலும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட பிறகு வரும் செல் பெரும்பாலும் தாமதமாக வந்த செல்.

இன்னும் மாற்று சிகிச்சைக்கு நாள் குறிக்காத குடும்பங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் செலவும் குறைவு. கொடையாளருக்குச் சைட்டோமெகலோ, எப்ஸ்டீன்-பார் வைரஸ்களுக்கான எதிர்ப்புப் புரதங்கள் உள்ளனவா என்ற பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மஜ்ஜை செல்களைச் சேகரிக்கும் நாளிலேயே கொடையாளரின் வெள்ளணுக்களில் சிறு பகுதியைத் தனியே உறையவைக்கும் வசதி அந்த மையத்தில் உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால், எத்தனை குப்பிகள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், அவற்றைப் பிற்பாடு எந்தச் சிகிச்சைக்கெல்லாம் பயன்படுத்த ஒப்புதல் கேட்கிறார்கள் என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் படித்துப் பாருங்கள்.